டென்வர், ஒன்று இருபது

நாளின் முதல் விமானத்தையே எடு.
அது முந்தின ராத்திரியே வந்து
கண்ணாடிச் சுவரோரம் தூங்கிய விமானம்.
இன்னோர் ஊரின் மழையைச் சுமந்துகொண்டு
பிந்தி வராது.

எட்டாம் வரிசைக்குப் பின்னால் உட்காராதே.
நாடா கட்டுகிற ஷூ வேண்டாம்.
பெட்டியைக் கையை விட்டு அனுப்பாதே, அனுப்பினால்
அது தன் தலையெழுத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும்.
ஜூன் மாதம் டென்வர் வழியென்றால்
மதியம் இரண்டுக்குள் கடந்துவிடு.
மலைக்குப் பின்னாலிருந்து மேகம்
ஆபீஸ் போகிறவன் மாதிரி நேரத்துக்கு வரும்.

இதெல்லாம் என் எக்செல் தாளில் இருக்கிறது.
பன்னிரண்டு வருஷம், அறுபத்துமூன்று பயணம்.
தவறவிட்டது: சைபர்.
சூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
யார் டிக்கெட் எடுத்தாலும் என் மேசைக்கு வருவார்கள்.
நடுவில் தொண்ணூறு நிமிடம் போதும் என்பேன்.
அதற்கு மேல் விடுவது பயந்தாங்கொள்ளித்தனம்.

இந்த முறை எனக்கு நானே விட்டுக்கொண்டது
ஆறு மணி நேரம்.
வீட்டுக்காரர் தாளைப் பார்த்துவிட்டு
"கண்ணாடி மாத்தணுமா உனக்கு?" என்றார்.
தெரிந்துதான் எடுத்தேன்.
ஆல்புகர்க்கியிலிருந்து ஜெசிந்தா
ஒன்பதுக்கு இறங்குகிறாள்.
போர்ட்லண்டுக்கு எனக்கு ஒன்று இருபது.
இடையில் நான்கு மணி இருபது நிமிடம்,
ஒன்பது வருஷத்துக்கு.

ஒன்பது மணிக்கு அவள் இன்னும் அங்கேயே.
இறக்கையில் ஒரு விளக்கு எரியவில்லையாம்.
பத்தரைக்கு: "ரிப்பேர்காரன் வந்துட்டான், ஏணி வரல."
பதினொன்று பத்துக்கு: "நகருது."
பதினொன்று பன்னிரண்டுக்கு: "நின்னுடுச்சு. சிரிக்காதே."
பன்னிரண்டுக்கு ஒருவழியாக மேலே ஏறினாள்.

வாசல் எண் பி நாற்பத்துநான்கின் கீழே நின்று
கூட்டிக் கழித்தேன்.
தரை தொட ஒன்று ஐந்து. கதவு திறக்கப் பத்து நிமிடம்.
அவள் இருப்பது இருபத்தேழாம் வரிசை
(எத்தனை தரம் சொல்லியிருப்பேன்).
ஏ-யிலிருந்து பி-க்குச் சுரங்க ரயில்,
அப்புறம் நகரும் படிக்கட்டு.
எப்படிப் போட்டாலும் கணக்கு வரவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக
ஒரு விமானம் பிந்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன்,
அதுவும் என்னுடையது.
பலகையில் பச்சை எழுத்து:
சரியான நேரம்.

எல்லாரும் ஏறிவிட்டார்கள்.
ஒலிபெருக்கியில் ஒருத்தி என் பெயரைத் துண்டுபோட்டு
திரீ, பூரா, சண்ட், ஆரி என்று
மூன்று முறை வீசினாள்.
பத்தடி தூரத்தில், கையில் சீட்டோடு,
வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல்
நின்றுகொண்டிருந்தேன்.
கதவு மூடியது.
ஃபிரிட்ஜ் மூடுகிற சத்தம்தான், அவ்வளவுதான்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு
முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.
முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள்.
"உன் பிளைட்?"
"போயிடுச்சு."
"நீயா? நீயா விட்டே?"
பதிலுக்குக் காத்திராமல் பையைத் திறந்தாள்.
தூத்துக்குடியிலிருந்து மச்சினன் கொண்டுவந்த மக்ரூன்,
ஒன்றுகூட உருப்படியாக இல்லை.
பொட்டலத்தைக் கிழித்து
தூளை விரலில் தொட்டு நக்கினோம்.

சாயங்கால விமானங்களில் இடமில்லை.
இருந்ததையும் இரண்டு மணிக்கு
இடி வந்து நிறுத்திப் போட்டது.
ஸ்போக்கேனுக்கு அவள் போகவேண்டியதும் ரத்து.

வேலை, சம்பளம், சர்க்கரை அளவு,
யார் வீட்டில் யார் செத்தது,
பழைய ஹாஸ்டல் வார்டன் போட்ட சண்டை
எல்லாம் பேசித் தீர்ந்தும்
தாமஸ் பெயரை அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.
ஏழு மணி சுமாருக்கு,
காபிக் கோப்பையின் மூடியைத் திருகிக்கொண்டே,
"நாங்க சேர்ந்து இல்லடி, ரெண்டு வருஷமாச்சு" என்றாள்.
நான்கு மணி இருபது நிமிடத்தில்
அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டோம்.

தாளில் சைபரை அழித்து ஒன்று போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.

காலை ஐந்து ஐம்பதுக்கு முதல் விமானம்.
இப்போதே வந்து வெளியே நிற்கிறது,
சன்னல்களில் விளக்கு அணைந்து.
என் பையைத் தலைக்கு வைத்து,
ஷூ நாடாவை அவிழ்க்காமலே
ஜெசிந்தா தூங்குகிறாள்.